பழைய வெள்ளிக்காசு எவ்வளவு போகும்?

திருகோணமலை மாதிரியான துறைமுகப் பட்டினத்தில் பழைய வெள்ளிக்காசு கிடக்கும் வீடுகளுக்குக் குறைவில்லை. அம்மம்மாவின் றங்குப்பெட்டியில், சாமியறையில் மஞ்சள் துணியில் முடிந்து வைத்த நேர்த்திக் காசோடு, அலுமாரி அடித்தட்டில் ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் என்று எங்கேயாவது இரண்டு மூன்று இருக்கும். வீடு திருத்தும்போதோ சொத்துப் பிரிக்கும்போதோ அது வெளியே வரும். வந்ததும் எல்லோர் வாயிலும் ஒரே கேள்வி: "இது இப்ப எவ்வளவு போகும்?"

பத்தரிடம் கொண்டுபோனால் தராசில் போட்டு வெள்ளி விலை சொல்வார். யூடியூப்பில் தேடினால் இலட்சம், கோடி என்று சொல்வார்கள். பெரும்பாலான காசுகளுக்குப் பத்தர் சொல்வதுதான் சரி. ஆனால் சில காசுகளுக்கு அவர் சொல்லும் விலை மிகக் குறைவு. உருக்குகிற சட்டிக்குள் போகவே கூடாத காசுகள் அவை. அந்தச் சிலவற்றை எப்படிப் பிரித்தறிவது என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

ஒரு வெள்ளிக்காசின் விலை இரண்டு பகுதிகளால் ஆனது. ஒன்று, உள்ளே இருக்கும் வெள்ளியின் விலை. எவ்வளவு தேய்ந்தாலும், வளைந்தாலும், துளை போட்டாலும் இந்த அடிவிலை போகாது. மற்றது, சேகரிப்பவர்கள் அதற்கு மேலே கொடுக்கத் தயாராக இருக்கும் தொகை. இது சிலவற்றுக்குப் பூச்சியம்; சிலவற்றுக்கு வெள்ளி விலையைப் போல நூறு மடங்கு.

அடிவிலைக் கணக்கு

முதலாவது பகுதி வெறும் பெருக்கல் கணக்கு. காசின் எடையை அதன் தூய்மையால் பெருக்கினால் சுத்த வெள்ளி எவ்வளவு என்று வரும். அதை அன்றைய கிராம் விலையால் பெருக்கினால் முடிந்தது. உலகச் சந்தை விலையை ட்ராய் அவுன்சுக்குச் சொல்வார்கள். ஒரு ட்ராய் அவுன்ஸ் 31.1 கிராம். அதை வகுத்துக்கொண்டால் சரி.

எங்கள் வீடுகளில் அதிகம் அகப்படுவது இந்திய வெள்ளி ரூபா. இலங்கைப் பெட்டியில் இந்திய ரூபா எப்படி வந்தது என்று இளையவர்கள் கேட்பார்கள். 1869இல் பிரித்தானிய அரசு இந்திய ரூபாவையே இங்கும் சட்டபூர்வ நாணயமாக்கியது. 1872 தொடக்கம் அந்த ரூபாவை அணா, பைசா என்று பிரிக்காமல் 100 சதமாகப் பிரித்துக் கணக்குப் பார்த்தார்கள். சதக் காசுகளை இலங்கைக்கென்று தனியாக அடித்தார்கள். முழு ரூபா இந்தியாவிலிருந்து வந்தது. ஆகவே ராணி தலை போட்ட அந்தக் கனத்த காசு யாரோ இந்தியாவுக்குப் போய்க் கொண்டுவந்ததாக இருக்க வேண்டியதில்லை. கடைத்தெருவில் மீன் வாங்கிய காசாகவே இருக்கலாம்.

அந்த ரூபாவின் எடை 11.66 கிராம், ஏறத்தாழ ஒன்றரைப் பவுண் எடை. தூய்மை 91.7 சதவீதம். ஆகச் சுத்த வெள்ளி 10.7 கிராம். கிழக்கிந்தியக் கம்பனி 1835இல் எல்லா மாகாணங்களுக்கும் பொதுவாக அடிக்கத் தொடங்கிய ரூபாவிலிருந்து 1939 வரை இந்த அளவு மாறவில்லை. 1940இல்தான் வெள்ளியைப் பாதியாகக் குறைத்தார்கள். 1947இல் வெள்ளியே இல்லாத நிக்கல் ரூபா வந்தது. பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் 1920ஆம் ஆண்டு ரூபாவும் 1944ஆம் ஆண்டு ரூபாவும் பத்தர் கடையில் ஒரே விலை போகாததற்குக் காரணம் இதுதான்.

அடுத்தது இலங்கைக்கென்றே அடித்த வெள்ளிச் சதங்கள். 1892இல் 10, 25, 50 சதக் காசுகளை வெள்ளியில் வெளியிட்டார்கள். ஒரு பக்கம் அரசர் அல்லது அரசியின் தலை, மறுபக்கம் தாளிப்பனை, கூடவே சிங்களத்திலும் தமிழிலும் எழுத்து. 50 சதம் 5.83 கிராம், அதாவது ரூபாவின் சரி பாதி. 25 சதமும் 10 சதமும் அதே விகிதத்தில் சிறியவை. தொடக்கத்தில் தூய்மை 80 சதவீதம். 1919 தொடக்கம் 55 சதவீதம். பழைய 50 சதத்தில் 4.66 கிராம் வெள்ளி என்றால் பிந்தியதில் 3.2 கிராம்தான். 1942ஆம் ஆண்டு 50 சதத்தோடு அந்த வரிசை நின்றது. மறு ஆண்டே பித்தளை நிறத்தில் நிக்கல் கலந்த காசு வந்துவிட்டது.

கனம் என்று பார்த்தால் எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடுவது 1957இல் புத்த ஜயந்தி 2500க்காக வெளியிட்ட ஐந்து ரூபா. 28.28 கிராம், 92.5 சதவீதம். உள்ளே 26 கிராமுக்கு மேல் வெள்ளி இருக்கிறது. அந்தக் காலத்தில் ஐந்து ரூபாவுக்கு வாங்கி வைத்தவர்கள் புத்திசாலிகள்.

இவை தவிர எங்கள் ஊருக்கே உரிய இன்னொரு வரவு உண்டு. 1957 வரை பிரித்தானியக் கடற்படை இங்கே தளம் வைத்திருந்தது. கப்பல்காரர் கொடுத்த ஷில்லிங்கும் புளோரினும் அரைக் கிரவுனும் சலவைக்காரர், தையற்காரர், பழக்கடைக்காரர் வீடுகளில் தங்கிவிட்டன. இவற்றுக்கு ஆண்டைப் பார்த்தால் போதும். 1920க்கு முந்தியது என்றால் 92.5 சதவீத வெள்ளி. 1920 முதல் 1946 வரை 50 சதவீதம். 1947 தொடக்கம் வெள்ளி கிடையாது, எவ்வளவு மினுங்கினாலும் அது செம்பும் நிக்கலும்தான்.

எல்லாம் ஏன் 1919, 1920 என்ற இடத்தில் வந்து குறைகின்றன? முதலாம் உலகப் போர். போர்க்காலத்தில் வெள்ளி விலை மளமளவென்று ஏறியது. இந்திய ரூபாவுக்குள் இருந்த வெள்ளி, ரூபாவின் முகப்பெறுமதியை விடக் கூடுதலாகப் பெறும் நிலை வந்தது. அப்படி வந்தால் சனம் என்ன செய்யும்? காசைச் செலவழிக்காது, ஒளித்து வைக்கும், அல்லது உருக்கும். ரூபாத் தட்டுப்பாட்டில் இந்திய அரசு திண்டாடியபோது பிரித்தானியா அமெரிக்காவிடம் போனது. 1918இல் அமெரிக்கா அதற்கென்றே பிட்மன் சட்டம் கொண்டுவந்து, தன் களஞ்சியத்தில் கிடந்த வெள்ளி டொலர்களில் 27 கோடியை உருக்கியது. அதில் மிகப் பெரிய பங்கு இந்தியாவுக்கு விற்பனையானது. உங்கள் வீட்டு 1919ஆம் ஆண்டு ரூபா ஒரு காலத்தில் அமெரிக்க டொலராக இருந்திருக்கலாம் என்றால் பலர் நம்பமாட்டார்கள். ஆனால் நடந்தது அதுதான். இந்த அதிர்ச்சிக்குப் பிறகே இலங்கையும் இங்கிலாந்தும் சில்லறைக் காசில் வெள்ளியைக் குறைத்தன.

பழசு என்பதும் அரிது என்பதும்

இனி இரண்டாவது பகுதி. புதிதாகத் தொடங்குகிறவர்கள் அநேகமாகத் தடுக்கி விழுவது இங்கேதான்: பழசு என்றால் விலை கூட என்று நினைப்பது.

கந்தளாயிலும் பெரியகுளத்திலும் சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் இருப்பது எங்கள் மாவட்டத்தவருக்குத் தெரியும். அந்தக் காலத்து இராசராசன் செப்புக்காசு, நிற்கும் மனிதன் ஒருபுறம், இருக்கும் மனிதன் மறுபுறமாக, ஆயிரம் வருடம் பழையது. இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் அது குவியல் குவியலாகக் கிடைத்திருக்கிறது. அதனால் உலகச் சந்தையில் சாதாரணமானவற்றின் விலை மலிவு. அதற்கு எதிர்ப்பக்கம் 1939ஆம் ஆண்டு இந்திய வெள்ளி ரூபா. நூறு வயதுகூட ஆகவில்லை. ஆனால் இந்திய வெள்ளி ரூபா சேர்ப்பவர்கள் கனவு காண்கிற காசுகளில் அதுவும் ஒன்று. அடித்தவற்றில் பெரும்பாலானவை கைக்கு வராமலே உருகிப்போயின என்பது சேகரிப்பாளர்களின் கணிப்பு.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, இன்றைக்கு இதில் எத்தனை மிஞ்சியிருக்கிறது, எத்தனை பேர் தேடுகிறார்கள் என்பது. இரண்டும் சேர்ந்தால்தான் விலை. உலகத்தில் பத்தே பத்து இருந்தாலும் கேட்க ஆள் இல்லையென்றால் அது வெள்ளி விலைக்கே போகும்.

எத்தனை அடித்தார்கள் என்பது ஒரு கணக்கு, எத்தனை மிஞ்சின என்பது வேறு கணக்கு. மேலே சொன்ன 1957 ஐந்து ரூபாவையே எடுங்கள். நாணயப் பட்டியல்களின்படி அடித்தது 500,000. அதில் 258,000 திரும்பி வந்து உருக்கப்பட்டது. பாதிக்கு மேல் போய்விட்டது. அடித்த எண்ணிக்கையை மட்டும் பார்த்து அரை மில்லியன் இருக்கிறது என்று கணக்குப் போட்டால் பிழைக்கும். அப்படியிருந்தும் இரண்டு இலட்சத்துக்கு மேல் மிஞ்சியிருப்பதாலும், பலர் நினைவுப் பொருளாகப் பத்திரப்படுத்தியதாலும், அது தேடிக் கிடைக்காத காசு அல்ல. நல்ல காசு, நல்ல கனம், கையில் வைத்திருக்க ஆசையான காசு, அவ்வளவுதான்.

கதையுள்ள காசுகளும் உண்டு. 1911இல் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் முதல் ரூபா வந்தபோது, அவர் மேலங்கியில் இருந்த யானை உருவத்துக்குத் தும்பிக்கை சிறியதாகிப் பன்றி போலத் தெரிந்தது. மக்கள் கொதித்துப்போனார்கள். 90 இலட்சத்துக்கு மேல் அடித்திருந்தும் ஏறத்தாழ 7 இலட்சம் வெளியே போவதற்குள் நிறுத்திவிட்டு மிச்சத்தை உருக்கினார்கள். 1912இல் தும்பிக்கையைத் திருத்தி மறுபடி அடித்தார்கள். இன்றைக்கும் அதைப் பன்றி ரூபா என்றுதான் சொல்வார்கள். மற்ற ஆண்டு ரூபாவை விட விலை கூட, உண்மை. ஆனால் 7 இலட்சம் என்பது சின்ன எண் அல்ல. இந்தக் கதையைக் கேட்டுவிட்டு வீடு வாங்கலாம் என்று கணக்குப் போடுகிறவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்பு வரும்.

காசில் இருக்கும் ஆண்டையும் அப்படியே நம்பிவிட முடியாது. விக்டோரியா ராணியின் 1862ஆம் ஆண்டு ரூபா மிகச் சாதாரணமாகக் கிடைக்கும், ஏனென்றால் 1874 வரை அதே 1862ஐப் போட்டே அடித்துக்கொண்டிருந்தார்கள். பம்பாய் நாணயச்சாலை மட்டும் உண்மையான ஆண்டைக் காட்டப் பின்பக்கத்தில் நுண்ணிய புள்ளிகளைச் சேர்த்தது. அந்தப் புள்ளிகளைப் பூதக்கண்ணாடி வைத்து எண்ணி, எந்த எண்ணிக்கை அரிது என்று வாதாடுவதே சிலருக்கு வாழ்நாள் வேலை. இதைவிடப் பெரிய கூத்து மரியா தெரேசா தாலர் எனும் ஆஸ்திரிய வெள்ளிக்காசு. 1780 என்று போட்டிருக்கும். அரசி இறந்த ஆண்டு அது. அதற்குப் பிறகும் அரபு நாட்டு வணிகத்துக்காக அதே ஆண்டைப் போட்டு இருபதாம் நூற்றாண்டிலும் அடித்தார்கள். கடல் வணிகம் நடந்த ஊர்களில் இது தென்படலாம். 1780 என்று கண்டு துள்ள வேண்டாம், அநேகமாக உங்கள் தாத்தாவை விட இளைய காசாக இருக்கும்.

ஆண்டு மட்டுமல்ல, எங்கே அடித்தது என்பதும் பெறுமதியை மாற்றும். இந்திய ரூபாக்களில் கல்கத்தாவுக்கு அநேகமாகக் குறி இருக்காது. பம்பாய்க்குப் புள்ளியோ சிறு வைரக் குறியோ, எட்வேட் மன்னர் காலத்தில் சிறு பீ எழுத்தோ இருக்கும். 1940களில் லாகூருக்கு எல் எழுத்து. ஒரே ஆண்டில் ஒரு நாணயச்சாலையில் கோடிக்கணக்கில் அடித்திருப்பார்கள், இன்னொன்றில் கொஞ்சம். உலகப் பட்டியல்களில் ஒவ்வொரு வகைக்கும் கே.எம். என்று தொடங்கும் எண் உண்டு; அந்த எண்ணைக் கண்டுபிடித்துவிட்டால் ஆண்டும் நாணயச்சாலையும் வாரியாக விவரம் எடுக்கலாம்.

புளியும் திருநீறும்

அரிய காசாகவே இருந்தாலும் விலையைத் தீர்மானிப்பது அதன் நிலைமை. நாணயச்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கும் காசுக்கும் கைபட்டுத் தேய்ந்த காசுக்கும் நடுவே பத்து மடங்கு, இருபது மடங்கு வித்தியாசம் சாதாரணம். இதை அளக்க ஒன்று முதல் எழுபது வரை ஓர் அளவுகோல் இருக்கிறது; 1949இல் வில்லியம் ஷெல்டன் என்பவர் அமெரிக்கச் செப்புக்காசுகளுக்காக வகுத்தது, இன்றைக்கு உலகம் முழுவதும் நடக்கிறது. எழுபது என்றால் குறையே இல்லாதது. அறுபதும் மேலும் என்றால் புழக்கத்துக்குப் போகாதது. புழங்கிய காசுகளை எக்ஸ்ட்ரா ஃபைன், வெரி ஃபைன், ஃபைன் என்று இறங்கு வரிசையில் சொல்வார்கள். வெரி குட், குட் என்று ஒருவர் விளம்பரம் போட்டால் நன்றாகத் தேய்ந்தது என்று விளங்கிக்கொள்ளுங்கள்.

தேய்வைப் பார்க்க உருவத்தில் மிக உயர்ந்து நிற்கும் இடங்களைப் பாருங்கள்: காதுக்கு மேல் முடி, கிரீடத்தின் மணிகள், கன்னம், பனையோலையின் நுனி. முதலில் மழுங்குவது இவைதான்.

இப்போது இந்தக் கட்டுரையிலேயே முக்கியமான விஷயம். காசை மினுக்காதீர்கள். எங்கள் வீடுகளில் வெள்ளிச் சாமானைத் திருநீறு போட்டுத் தேய்ப்பது வழக்கம். குத்துவிளக்குக்குப் புளி. பல்பசை, சாம்பல், தேசிக்காய், சோடாத்தூள் என்று ஆளுக்கொரு கைவைத்தியம். பெட்டியிலிருந்து கறுத்த காசு வந்ததும், விற்கப் போகிறோமே, கொஞ்சம் வெளிச்சமாக இருக்கட்டும் என்று தேய்த்துவிட்டுக் கொண்டுபோகிறவர்கள் ஏராளம். அந்த அரை மணி நேரத் தேய்ப்பில் சேகரிப்பு விலை முழுவதும் போய், வெள்ளி விலை மட்டும் மிஞ்சும். காரணம் எளிது. அந்தக் கறுப்பு, காற்றிலுள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து உண்டான மெல்லிய படை. அதைத் தேய்த்து எடுக்கும்போது கூடவே வெள்ளியின் மேற்பரப்பும் போகும். முடி மாதிரியான கீறல்கள் விழும். பழகிய கண்ணுக்கு அது ஒரு விநாடியில் தெரியும். பல ஆண்டுகளாக ஒரே சீராகப் படிந்த நீலமும் பொன்னிறமும் கலந்த நிறத்துக்குக் கூடுதல் காசு கொடுப்பவர்களே இருக்கிறார்கள்.

கடற்கரை ஊரில் இன்னொரு தொல்லை. உப்புக்காற்று செம்பைத்தான் முதலில் பிடிக்கும். ஆகவே 55 சதவீத வெள்ளியுள்ள 50 சதம், நிறையச் செம்பு கலந்திருப்பதால், பச்சை பிடித்துப்போகும். ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். மருந்துப் போத்தல்களிலும் சப்பாத்துப் பெட்டிகளிலும் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தைக் கூடப் போடலாம். இறப்பர் வளையத்தால் கட்டி வைக்காதீர்கள், இறப்பரில் உள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும். மலிவான மெத்தென்ற பிளாஸ்ரிக் பக்கங்களுள்ள ஆல்பமும் கூடாது. பீ.வீ.சீ. கசிந்து ஒட்டும் பச்சைப் பசையாகக் காசில் படியும். ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகித உறையில் இட்டு, தொடும்போது விளிம்பில் பிடித்தாலே போதும். பெரிய செலவில்லை.

நகையான காசுகளுக்கும் ஒரு சொல். காசுமாலைக்கும் பொத்தானுக்கும் வெள்ளி ரூபாவில் துளை போடுவதும் வளையம் ஒட்டுவதும் அன்றைக்கு வழக்கம். நான்காம் ஜோர்ஜின் 1821ஆம் ஆண்டு இலங்கை வெள்ளி றிக்ஸ்டொலர், ஒரு பக்கம் யானை நிற்கும் அழகான காசு, பல இடங்களில் இப்படிக் கழுத்துக்குப் போய்விட்டது. ஒட்டிய தடமோ அடைத்த துளையோ இருந்தால் சேகரிப்பாளர் விலையை நன்றாகக் குறைப்பார். அதனால் என்ன, மாலை மாலையாகவே இருக்கட்டும் என்பது என் கட்சி. பிரித்து விற்று ஒன்றும் பெரிதாக வராது.

போலி

நூறு மடங்கு விலை உள்ள இடத்தில் போலி இல்லாமலிருக்காது. 1938ஆம் ஆண்டு ரூபாவின் கடைசி எட்டைச் செதுக்கி ஒன்பதாக்கி 1939 என்று விற்பது பழைய தந்திரம். பூதக்கண்ணாடியில் அந்த ஒரு எண் மட்டும் மற்றவற்றை விட மெலிந்தோ, சுற்றிலும் தளம் சுரண்டப்பட்டோ தெரிந்தால் விட்டுவிடுங்கள். புதிதாக வார்த்த போலிகளும் இணையத்தில் குவிந்து கிடக்கின்றன.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகள் உண்டு. காந்தம் முதலாவது, வெள்ளி காந்தத்தில் ஒட்டாது. ஒட்டினால் போலி என்று உறுதி. ஒட்டாவிட்டால் இன்னும் எதுவும் தெரியவில்லை, செம்பும் ஈயமும்கூட ஒட்டாது. அடுத்தது எடை. பத்தர் வைத்திருப்பது போல 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு இப்போது மலிவாகக் கிடைக்கிறது. நன்றாகத் தேய்ந்த ரூபா 11.66ஐ விடச் சற்றுக் குறையலாம். 10 கிராம், 13 கிராம் என்று காட்டினால் சந்தேகப்படுங்கள்.

மூன்றாவது சோதனைதான் எனக்குப் பிடித்தது, அடர்த்திச் சோதனை. ஒரு பிளாஸ்ரிக் கோப்பையில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, எண்ணைப் பூச்சியமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, கோப்பையின் அடியிலும் பக்கத்திலும் முட்டாமல் தண்ணீருக்குள் முழுதாகத் தொங்கவிடுங்கள். தராசு ஒரு சிறு எண் காட்டும். காசின் எடையை அந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி. 91.7 சதவீத வெள்ளிக்கு அது 10.3 அளவில் வர வேண்டும். ஒரு ரூபாவுக்கு என்றால் தராசில் 1.13 கிராம் காட்டும். செம்பு நிக்கல் கலவை என்றால் அடர்த்தி 8.9தான், அதே எடைக்கு 1.31 காட்டும். நுரைக்குமிழ் காசில் ஒட்டியிருந்தால் கணக்கு மாறிப்போகும், தட்டிவிட்டு இரண்டு மூன்று தடவை பாருங்கள். காசுக்குக் கீறல் விழாமல் உள்ளே இருப்பதைச் சொல்லும் சோதனை இது. உரைகல்லில் உரைப்பதும் அமிலம் விடுவதும் தழும்பு வைக்கும். பத்தரிடம் கொடுக்கும்போதே, "ஐயா, உரைக்க வேண்டாம், நிறுத்து மட்டும் பாருங்கோ" என்று சொல்லிவிடுங்கள்.

எங்கள் சனத்தை அதிகம் ஏமாற்றும் காசு வெள்ளியே அல்ல. இராமர், சீதை, இலக்குமணர், அனுமார் உருவம் போட்டு, 1616, 1717, 1818 என்று ஏதாவது ஓர் ஆண்டோடு கிழக்கிந்தியக் கம்பனி, அணா என்று எழுதிய காசு ஒன்று உலாவுகிறது. கம்பனி அப்படியொரு காசை அடித்ததே கிடையாது. கோயில் வாசல்களில் நினைவுப் பொருளாக விற்ற வில்லைகள் அவை. அதற்கு அரிசியை இழுக்கும் சக்தி இருக்கிறது, வெளிநாட்டு ஆராய்ச்சி நிலையம் கோடிக்கு வாங்குகிறது என்று ஒரு கதை கட்டி, பரிசோதனைக் கட்டணம் என்று முன்பணம் கறக்கிறார்கள். காசை வாங்க வருகிறவன் உங்களிடமே காசு கேட்டால் அவன் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. முகநூலில் உங்கள் பழைய ஐந்து ரூபாவுக்கு இலட்சம் தருகிறோம், பதிவுக் கட்டணம் மட்டும் கட்டுங்கள் என்று வரும் விளம்பரங்களும் இதே சாதி.

உண்மையான விலை தெரிய வேண்டுமென்றால், இணைய ஏலத் தளங்களில் ஒருவர் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள். யாரும் எதையும் கேட்கலாம். விற்று முடிந்தவை என்று தனியாகக் காட்டும் பட்டியலில் பாருங்கள். அதுவும் உங்கள் காசின் அதே நிலைமையில் உள்ளவற்றோடு ஒப்பிட்டு. வியாபாரியிடம் கொடுத்தால் அதற்குக் குறைவாகத்தான் வரும், அவரும் இலாபம் பார்க்க வேண்டுமே. கொழும்புப் பக்கம் போகிறவர்கள் கோட்டையில் சென்ட்ரல் பொயின்ட் கட்டடத்திலுள்ள மத்திய வங்கியின் பொருளாதார வரலாற்று அருங்காட்சியகத்தை ஒரு தடவை பார்க்கலாம். அசலைக் கண்ணால் பார்த்தவனை ஏமாற்றுவது சிரமம்.

தூண்டில் காசும் சட்டமும்

கடைசியாக, வேறு வகையில் அரிதான ஒன்று. எங்கள் கொட்டியாரக்குடாவில் 1660இல் கப்பலோடு வந்து கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்ட ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸை எல்லோரும் அறிவோம். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறையிருந்து தப்பிப் போனவர் எழுதிவைத்த விவரங்களில் அக்காலக் காசும் வருகிறது. தூண்டில் போல வளைந்த ஒரு வெள்ளிக்காசு. அரசன் அனுமதியோடு எவரும் அதைச் செய்யலாம், தாங்கள் விரும்பிய முத்திரையைக் குத்தலாம். வெள்ளியில் சந்தேகம் வந்தால் காசைச் செந்தணலாகக் காய்ச்சித் தண்ணீரில் போடுவார்களாம். சுத்த வெண்மையாக வராவிட்டால் செல்லாது. பாரசீக வளைகுடாப் பக்கத்தில் பிறந்த லாரின் எனும் கம்பிக்காசின் இலங்கை வடிவம் இது. வெள்ளிக் கம்பியை அடித்து வளைத்தது, ஐந்து கிராமுக்குச் சற்றுக் குறைவு. யாராவது இப்படியொன்றைக் கையில் வைத்திருந்தால் நொக்ஸ் சொன்ன சோதனையை மட்டும் செய்துவிடாதீர்கள்.

இதில் சட்டப் பிரச்சினையும் உண்டு. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2க்கு முந்திய பொருட்களைத் தொல்பொருளாகக் கருதுகிறது. கண்டி பிரித்தானியர் கைக்குப் போன நாள் அது. தூண்டில் காசு, யாழ்ப்பாண அரசர்களின் சேதுக் காசு, சோழர் காசு, ஒல்லாந்தர் காசு எல்லாம் இந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம். விக்டோரியா ரூபாவும் வெள்ளிச் சதங்களும் இந்தப் பக்கம். நிலத்துக்குள் கண்டெடுக்கப்படாமல் கிடக்கும் தொல்பொருள் அரசுக்குச் சொந்தம். கிணறு வெட்டும்போதோ அத்திவாரம் தோண்டும்போதோ பானைக்குள் காசு அகப்பட்டால் கிராம அலுவலர் வழியாகவோ நேரடியாகவோ தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். புதையல் தேடித் தோண்டுவது குற்றம். பூசகரோடும் ஸ்கேனரோடும் பிடிபட்டவர்களின் செய்தி அடிக்கடி பத்திரிகையில் வருவதுதானே.

அனுமதிப்பத்திரம் இல்லாமல் தொல்பொருளை நாட்டுக்கு வெளியே கொண்டுபோகவும் முடியாது. கனடாவிலிருக்கும் மகள் வரும்போது அம்மம்மாவின் காசுகளைக் கொடுத்தனுப்ப நினைக்கிறவர்கள், சூட்கேசில் போடுவதற்கு முன்னால் ஒவ்வொன்றின் ஆண்டையும் பாருங்கள். ஆண்டே இல்லாத காசு என்றால் திணைக்களத்தில் ஒருதடவை காட்டிவிட்டு அனுப்புங்கள்.